மவுண்டன் பைக்கின் பின்சக்கர ஹப், கேசட், கியர்: பொருந்தும் பாகங்களைத் தேர்ந்தெடுத்துப் பொருத்துவதற்கான முழுமையான வழிகாட்டி

பின்சக்கரத்தின் கியரை மாற்ற நினைப்பவர்கள் பெரும்பாலும் முதலில் பார்ப்பது அது எத்தனை ஸ்பீடு, அதாவது பின்னே எத்தனை பல்சக்கரங்கள், என்பதைத்தான். பெட்டியின் மேல் பெரிதாக அச்சிடப்பட்டிருக்கும் எண் அதுதான் என்பதால் இது இயல்பே. ஆனால் ஸ்பீடு எண்ணிக்கை கடைசியாகத் தீர்மானிக்க வேண்டிய ஒன்று. பிரேமின் பின்பக்க இடைவெளி ஹப்பை, அதாவது சக்கரத்தின் நடுப்பகுதியை, தீர்மானிக்கிறது. ஹப் தன்மேல் ஏற்கும் ஃப்ரீஹப் உடலை, அதாவது பல்சக்கரங்கள் அமரும் உருளையை, தீர்மானிக்கிறது. அந்த உடலின் வடிவம் எந்தக் கேசட் (பல்சக்கரத் தொகுதி) உட்காரும் என்பதைச் சொல்கிறது. கேசட்டின் மிகப் பெரிய பல்சக்கரம் டெரெய்லியரையும் (செயினை நகர்த்தும் பாகம்), டெரெய்லியர் ஷிஃப்டரையும் (கைப்பிடியில் உள்ள கியர் மாற்றி) செயினையும் தீர்மானிக்கின்றன. இந்த வரிசையில் அளந்து, எழுதி வைத்துக்கொண்டு, அதன்பின் பொருள் வாங்குபவருக்கு வீண் செலவு நேராது. வரிசையைத் தலைகீழாக்கி, நல்ல விலையில் கிடைத்த கேசட்டை முதலில் வாங்கிவிட்டால், அந்த ஒரு பாகத்துக்காக ஹப்பையே மாற்ற வேண்டிய நிலை வரும்.

தேவையான கருவிகள்: வெர்னியர் காலிப்பர், கேசட் லாக்ரிங் சாவி, செயின் விப் (பல்சக்கரத்தைச் சுழலாமல் பிடிக்கும் கருவி), ஆலன் சாவிகள், ரோட்டருக்கான (பிரேக் வட்டு) டி25 டார்க்ஸ் சாவி, செயின் கட்டர், இயன்றால் இறுக்கத்தின் அளவைக் காட்டும் ஒரு டார்க் ரெஞ்ச். கோன் வகை ஹப் (தனி உருண்டைகளைக் கோன்களால் இறுக்கி அமைப்பது) என்றால் மெல்லிய கோன் ஸ்பானர்களும் வேண்டும்.

முதல் கேள்வி: ஃப்ரீவீலா, கேசட்டா?

சக்கரத்தைக் கழற்றிக் கையில் பிடித்து, பல்சக்கரத் தொகுதியைப் பின்னோக்கிச் சுழற்றுங்கள். அச்சைச் சுற்றியுள்ள, சாவி பொருந்தும் பள்ளங்களைக் கொண்ட வளையத்தைக் கவனியுங்கள். பல்சக்கரங்களோடு சேர்ந்து அந்த வளையமும் சுழன்றால் அது கேசட்டின் லாக்ரிங். பல்சக்கரங்கள் சுழன்று, வளையம் மட்டும் அசையாமல் நின்றால் அது ஃப்ரீவீல்.

ஃப்ரீவீலில் பல்சக்கரங்களும், ஒருபக்கம் மட்டும் சுழலவிடும் பொறியமைப்பும் ஒரே துண்டாக, ஹப்பின் மேல் மரைபோட்டு ஏறியிருக்கும். கேசட் முறையில் அந்தப் பொறியமைப்பு ஹப்பிலேயே உள்ளது; பல்சக்கரங்கள் மட்டும் அதன்மேல் வழுக்கி உட்காருகின்றன. ஜப்பானிய உதிரிபாக நிறுவனமான ஷிமானோ 1978-இல் இம்முறையை ஃப்ரீஹப் என்ற பெயரில் கொண்டுவந்தது. இதன் பெரிய பலன் பராமரிப்பு எளிமையைவிட அச்சின் பாதுகாப்புதான். ஃப்ரீவீல் ஹப்பில் வலப்பக்க பேரிங் ஃப்ரீவீலுக்கு உட்புறமாகத் தள்ளி அமைந்திருப்பதால், அச்சின் நீண்ட பகுதி தாங்கலின்றி வெளியே நிற்கிறது. கற்பாதையில் குதித்து இறங்கும் பைக்குகளில் அந்த அச்சு வளைவதும் முறிவதும் வழக்கம். ஃப்ரீஹப்பில் பேரிங் ஏறக்குறைய பிரேமை ஒட்டியே வந்துவிடுகிறது.

உங்களிடம் இருப்பது ஃப்ரீவீல் என்றால், அதன்மேல் எந்தக் கேசட்டையும் ஏற்ற முடியாது. கேசட் வேண்டுமானால் ஹப் மாற வேண்டும், அதாவது சக்கரத்தை மறுபடி கோர்க்க வேண்டும். புதிய ஹப்பின் ஆரக்கம்பித் துளைகள் ரிம்மின் துளைகளோடு எண்ணிக்கையில் ஒத்திருக்க வேண்டும். ஹப்பின் விளிம்பு விட்டம் மாறுவதால் கம்பி நீளமும் மாறும். சக்கரம் கோர்க்கப் பழக்கமில்லாதவருக்கு, கோர்த்து முடித்த சக்கரமாக வாங்குவதே நல்லது என்பது என் கருத்து. பழைய ஹப்பைப் பத்திரப்படுத்த எண்ணிக் கம்பிகளை வெட்டுவதானால், அதற்கு முன்பே ஃப்ரீவீலைக் கழற்றிவிடுங்கள். பெடல் மிதிக்கும் ஒவ்வொரு முறையும் அது மேலும் இறுகியிருக்கும். ரிம் இல்லாத ஹப்பில் அதைத் திருப்பப் பிடிமானமே கிடைக்காது.

பிரேமின் இடைவெளியும் அச்சும்

பின்சக்கரம் உட்காரும் இரு முனைகளின் உட்பக்கங்களுக்கு இடையே காலிப்பரை வைத்து அளந்தால், மவுண்டன் பைக்குகளில் பொதுவாகக் கிடைக்கும் அளவுகள் இவை: குவிக் ரிலீஸ் (நெம்புகோலால் பூட்டும்) அச்சுக்கு 135 மி.மீ., அரிதாக 141 மி.மீ.; 12 மி.மீ. த்ரூ ஆக்சிலுக்கு (பிரேமுக்குள் மரைபோட்டு நுழையும் அச்சு) 142, 148, 157 மி.மீ.

135-க்கும் 142-க்கும் உள்ள உறவைப் புரிந்துகொள்வது பயனளிக்கும். 142 மி.மீ. பிரேமில் ஹப்பின் முனைகள் இருபுறமும் 3.5 மி.மீ. அளவுக்கு ஒரு பள்ளத்துக்குள் அமர்கின்றன. அந்த ஏழு மி.மீட்டரைக் கழித்தால் மிஞ்சுவது பழைய 135 தான். ஆகவேதான் பல ஹப்புகளில் முனை மூடிகளை மட்டும் மாற்றி, ஒரே ஹப்பை இருவகைப் பிரேம்களிலும் பயன்படுத்த முடிகிறது. பூஸ்ட் எனப்படும் 148 மி.மீ. அப்படியல்ல. அதில் ஹப்பின் கம்பி விளிம்புகள் இருபுறமும் 3 மி.மீ. வெளியே நகர்ந்துள்ளன, டிஸ்க் ரோட்டரும் கேசட்டும் அதே அளவு வெளியே வந்துள்ளன, முன்புறச் செயின்ரிங்கின் (பெடலோடு சுழலும் பல்சக்கரம்) கோடும், அதாவது பிரேமின் நடுக்கோட்டிலிருந்து அதன் தூரமும், அதற்கேற்ப ஏறத்தாழ 52 மி.மீட்டருக்குச் சென்றுவிட்டது. 142 ஹப்பை 148 பிரேமில் அமர்த்தும் இடைவளையத் தொகுதிகள் கிடைக்கின்றன. ரோட்டருக்கும் ஓர் இடைவளையமும் நீளமான போல்ட்டுகளும் சேர்த்தால் அவை வேலை செய்யும். நல்ல சக்கரத்தைப் புதிய பிரேமில் தொடர்ந்து பயன்படுத்த இது போதும். புதிதாக வாங்குபவர் இந்தச் சுற்றுவழியை நாட வேண்டியதில்லை.

த்ரூ ஆக்சிலின் விட்டமும் நீளமும் சரியாக இருந்தாலும் மரையின் இடைவெளி வேறுபடலாம். 12 மி.மீ. அச்சுகளில் 1.0, 1.5, 1.75 மி.மீ. என மூன்று மரை இடைவெளிகள் புழக்கத்தில் உள்ளன. இரண்டு சுற்றுக்குப் பின் இறுகினால் அழுத்தித் திருப்பாதீர்கள். அந்த மரை பிரேமுக்கு உரியது, கெட்டால் இழப்பு பெரிது.

ஃப்ரீஹப் உடல்: எல்லாவற்றையும் தீர்மானிக்கும் இடம்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியைத்தான் நிதானமாக வாசிக்க நேரம் இருக்கிறது என்றால், இதை வாசியுங்கள். கேசட்டைக் கழற்றியபின் ஹப்பில் எஞ்சி நிற்கும் வரிவரியான உருளைதான் ஃப்ரீஹப் உடல். மவுண்டன் பைக்குகளில் நீங்கள் சந்திக்கப்போவது பெரும்பாலும் மூன்று வகை.

முதலாவது ஷிமானோவின் ஹைப்பர்கிளைடு, சுருக்கமாக எச்ஜி. உருளையின் முழு நீளத்துக்கும் ஒன்பது அகன்ற வரிகள் ஓடும்; அவற்றில் ஒன்று மட்டும் அகலத்தில் வேறுபட்டிருப்பதால், பல்சக்கரங்கள் ஒரே ஒரு கோணத்தில்தான் உள்ளே நுழையும். 8, 9, 10 ஸ்பீடு கேசட்டுகளும் மவுண்டன் பைக்குக்கான 11 ஸ்பீடு கேசட்டுகளும் ஒரே நீளமுள்ள இந்த உடலில் அமர்கின்றன. 11 ஸ்பீடு எப்படி அதே இடத்தில் அடங்குகிறது என்று கேட்கலாம். பெரிய பல்சக்கரங்கள் உட்புறமாகக் குழிந்து, ஆரக்கம்பிகளின் மேல் கவிந்து நிற்கும்படி அமைக்கப்பட்டுள்ளன. உடலின் நீளம் கூட வேண்டியதில்லை. சாலை பைக்கின் 11 ஸ்பீடு உடலோ 1.85 மி.மீ. நீளமானது. அத்தகைய ஹப்பில் மவுண்டன் பைக் கேசட்டை ஏற்றும்போது முதலில் 1.85 மி.மீ. ஸ்பேசரைப் போட்டுவிட வேண்டும். 7 ஸ்பீடு கேசட்டை 8/9/10 உடலில் ஏற்ற 4.5 மி.மீ. ஸ்பேசர் தேவை. எச்ஜியின் எல்லை, அதில் மிகச் சிறிய பல்சக்கரம் 11 பல் என்பது.

இரண்டாவது, இன்னொரு தயாரிப்பாளரான ஸ்ராமின் எக்ஸ்டி. 2012-இல் 11 ஸ்பீடு எக்ஸ்எக்ஸ்1 தொகுதியோடு வந்தது. இதில் வரிகள் உட்புறத்தில் சிறிதளவே உள்ளன. அதற்கு வெளியே மரையும் வழவழப்பான பகுதியும் இருக்கும். கேசட் ஒரே துண்டாக அதன்மேல் மரைபோட்டு ஏறுகிறது. 10 பல் சக்கரத்துக்கு இடம் தருவதே இதன் நோக்கம்.

மூன்றாவது ஷிமானோவின் மைக்ரோ ஸ்பிளைன். 2018-இல் 12 ஸ்பீடு தொகுதிகளுக்காக அறிமுகமானது. 23 மெல்லிய வரிகள் கொண்டது. இதிலும் 10 பல் சக்கரம் அமரும்.

இம்மூன்றுக்கும் இடையே எந்த ஸ்பேசராலும் பாலம் கட்ட முடியாது. ஆனால் உடலை மட்டும் தனியே மாற்ற வழி விடும் ஹப்புகள் பல உள்ளன. உங்கள் ஹப்பின் பெயரையும் மாடல் எண்ணையும் அதன் உடலில் தேடிப் பார்த்து, அதே மாடலுக்கான மாற்று உடல் தயாரிப்பாளரிடம் உள்ளதா என்று உறுதிசெய்யுங்கள். ஒரு நிறுவனத்தின் உடல் இன்னொரு நிறுவனத்தின் ஹப்பில் பொருந்தும் என்று எண்ணிவிட வேண்டாம். கண்ணுக்கு ஒன்றுபோலத் தெரிந்தாலும் உள்ளே பாள்களின் (மிதிக்கும்போது பிடித்துக்கொள்ளும் சிறு கொக்கிகள்) எண்ணிக்கையும் பேரிங்கின் அளவும் மாறியிருக்கும்.

உடலை மாற்ற மனமில்லாதவர் சோர்வடையத் தேவையில்லை. எச்ஜி உடலிலேயே அகன்ற வீச்சுள்ள கேசட்டுகள் இப்போது தாராளமாகக் கிடைக்கின்றன. ஷிமானோ டியோர் 11 ஸ்பீடில் 11–51, ஸ்ராமின் என்எக்ஸ், எஸ்எக்ஸ் ஈகிள் 12 ஸ்பீடில் 11–50, மைக்ரோஷிஃப்ட் அட்வென்ட் எக்ஸ் 10 ஸ்பீடில் 11–48 ஆகியவை எச்ஜியிலேயே அமர்கின்றன. ஷிமானோ லிங்க்கிளைடு கேசட்டுகளும் அப்படியே. பழைய நல்ல ஹப் வைத்திருப்பவருக்கு என் முதல் பரிந்துரை இவற்றில் ஒன்றுதான். ஒரு பல் வித்தியாசத்துக்காக ஹப்பை மாற்றுவது தேவையற்ற செலவு.

எத்தனை பல் வேண்டும்?

முன்னுள்ள செயின்ரிங்கின் பல் எண்ணிக்கையைப் பின்னுள்ள பல்சக்கரத்தின் பல் எண்ணிக்கையால் வகுத்தால் கியர் விகிதம் கிடைக்கும். முன்னே மூன்று செயின்ரிங் இருந்த பழைய பைக்கில், 22 பல் முன்னும் 34 பல் பின்னும் சேர்ந்தால் விகிதம் 0.65. முன்னே ஒரே ஒரு 32 பல்லும் பின்னே 51 பல்லும் வைத்தால் 0.63. ஆக, ஏற்றத்தில் எதையும் இழக்காமல் முன் டெரெய்லியரையும் அதன் ஷிஃப்டரையும் கழற்றிவிடலாம். மறுமுனையில் 32-க்கு 11 என்பது 2.91, பழைய 42-க்கு 11 என்பது 3.82. சமதளச் சாலையில் நெடுந்தூரம் வேகமாகச் செல்பவருக்கு இந்த இழப்பு உறுத்தும். மலைப்பாதையில் ஓட்டுபவர் அதைக் கவனிக்கவே மாட்டார்.

டெரெய்லியர், ஷிஃப்டர், செயின்

டெரெய்லியரில் மூன்றைப் பாருங்கள். அது ஏற்கும் மிகப் பெரிய பல்சக்கரம் எது. மொத்தக் கொள்ளளவு எவ்வளவு. ஒரு கிளிக்குக்கு எவ்வளவு கேபிளை இழுக்கும் ஷிஃப்டருக்காக அது வடிவமைக்கப்பட்டது. கொள்ளளவு என்பது முன்னுள்ள பெரிய, சிறிய செயின்ரிங்குகளின் பல் வேறுபாட்டோடு, கேசட்டின் பெரிய, சிறிய பல் வேறுபாட்டைக் கூட்டினால் வருவது. முன்னே ஒன்றே இருந்தால் கேசட்டின் வேறுபாடு மட்டும்: 11–46 எனில் 35.

கேபிள் இழுவையில்தான் பலர் சிக்குகிறார்கள். ஷிமானோவின் 7, 8, 9 ஸ்பீடு மவுண்டன் டெரெய்லியர்கள் ஒரே இழுவை விகிதத்தைப் பகிர்ந்துகொள்வதால், 9 ஸ்பீடு டெரெய்லியரை 8 ஸ்பீடு ஷிஃப்டரோடு பயன்படுத்தலாம். 10 ஸ்பீடில் விகிதம் மாறிவிட்டது. 9 ஸ்பீடு ஷிஃப்டரோடு 10 ஸ்பீடு மவுண்டன் டெரெய்லியர் ஒருபோதும் சீராக இயங்காது. ஸ்ராமுக்கும் மைக்ரோஷிஃப்டுக்கும் தனித்தனி விகிதங்கள். ஷிஃப்டரையும் டெரெய்லியரையும் ஒரே தயாரிப்பாளரின் ஒரே வரிசையில் எடுங்கள். கேசட்டில் மட்டும் சிறிது சுதந்திரம் எடுத்துக்கொள்ளலாம்.

ஸ்பீடு கூடக்கூடச் செயினின் வெளி அகலம் குறைகிறது: 9 ஸ்பீடில் சுமார் 6.6 மி.மீ., 10-இல் 5.9, 12-இல் ஏறத்தாழ 5.3. அகலமான செயின் நெருக்கமான பல்சக்கரங்களில் பக்கத்துப் பல்லை உரசும். 12 ஸ்பீடுக்கு வந்துவிட்டால் செயின், கேசட், செயின்ரிங் மூன்றையும் ஒரே குடும்பத்தில் வைத்திருப்பதே நலம். ஸ்ராம் 2023-இல் கொண்டுவந்த டிரான்ஸ்மிஷன் வகை இன்னும் கண்டிப்பானது. அது டெரெய்லியர் ஹேங்கரை (டெரெய்லியரைப் பிரேமில் தாங்கும் தனித் துண்டு) நீக்கிவிட்டுப் பிரேமிலேயே நேராகப் பூட்டப்படுவதால், யுடிஎச் (பொதுவான டெரெய்லியர் ஹேங்கர்) தரத்திலான பிரேம் இல்லாமல் அதைப் பொருத்தவே இயலாது.

ஹப்பின் உள்ளே

கேசட் கழன்று கையில் இருக்கும் இந்த வேளைதான் பேரிங்கைப் பார்க்கச் சரியான நேரம். அச்சை விரல்களால் மெல்லச் சுழற்றுங்கள். மணல் அரைப்பதுபோன்ற உணர்வு விரல் நுனிக்கு எட்டினால் திறந்தே ஆக வேண்டும்.

கோன் வகைப் பின் ஹப்பில் வழக்கமாக ஒரு பக்கத்துக்கு ஒன்பது கால் அங்குல உருண்டைகள் இருக்கும். பழையவற்றை எண்ணி எடுத்து, கிண்ணத்தையும் கோனையும் துடைத்து, வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். உருண்டை ஓடிய தடம் வழவழப்பான வெள்ளிக் கோடாகத் தெரிந்தால் நல்லது. அந்தக் கோட்டில் ஊசி குத்தியது போன்ற குழிகள் இருந்தால் கோனை மாற்றுங்கள். புது க்ரீஸில் புது உருண்டைகளைப் பதித்து, கோனை விரலால் இறுக்கி, லாக்நட்டைப் பூட்டுங்கள். லாக்நட் இறுகும்போது கோனும் ஒரு மயிரளவு உள்ளே நகரும்; குவிக் ரிலீஸை மூடும்போது அச்சும் சற்றே அமுங்கும். எனவே கையில் வைத்துப் பார்க்கும்போது மிக நுண்ணிய ஆட்டம் மிஞ்சியிருக்க வேண்டும். சக்கரத்தைப் பிரேமில் பூட்டி, ரிம்மைப் பிடித்துப் பக்கவாட்டில் அசைத்தால் அந்த ஆட்டம் முற்றிலும் மறைந்திருக்க வேண்டும். மறையாவிட்டால் மீண்டும் திறந்து கோனைச் சிறிது நகர்த்துங்கள். இரண்டு மூன்று முறை திருத்துவது சாதாரணம்.

கார்ட்ரிட்ஜ் பேரிங் என்றால் அதன் பக்கத்தில் உள்ள எண்ணே போதும். 6902 என்றிருந்தால் உள்விட்டம் 15, வெளிவிட்டம் 28, தடிமன் 7 மி.மீ. ஹப் கூட்டுக்குள் அழுத்தும்போது வெளி வளையத்தில் மட்டுமே அழுத்தம் விழ வேண்டும். உள் வளையத்தில் தட்டினால் புது பேரிங் அன்றே கெட்டுவிடும்.

ஷிமானோவின் பல கோன் ஹப்புகளில், அச்சை உருவியபின் ஃப்ரீஹப் உடலின் நடுவே 10 மி.மீ. ஆலன் சாவி நுழையும் ஓட்டை தெரியும். இடஞ்சுழியாகத் திருப்பினால் உடல் கழன்று வரும். பூட்டும்போது 35 முதல் 50 நியூட்டன் மீட்டர். உள்ளிருக்கும் பாள்களுக்கு மிக மெல்லிய எண்ணெயோ இலகுவான க்ரீஸோ மட்டும் போடுங்கள். கெட்டியான க்ரீஸில் பாள்கள் ஒட்டிக்கொண்டு, முழு பலத்தோடு மிதிக்கும் தருணத்தில் பிடிக்காமல் நழுவும். அந்தத் தருணம் பெரும்பாலும் செங்குத்தான ஏற்றமாகத்தான் இருக்கும், விழுந்தால் அடி பலமாகவே படும்.

கேசட்டைப் பொருத்துதல்

உடலின் வரிகளைத் துடைத்து, மிக மெல்லிய க்ரீஸ் படலம் தடவுங்கள். அலுமினிய உடலாக இருந்தால் வரிகளின் ஓரத்தை உற்றுப் பாருங்கள்; தனித்தனிப் பல்சக்கரங்கள் கடித்த தழும்புகள் ஏணிப்படிபோல வரிசையாகத் தெரியும். ஆழம் குறைவானவற்றைத் தட்டை அரத்தால் மெல்லச் சமன் செய்யலாம். ஆழமானவை இருந்தால் உடலையே மாற்ற வேண்டும். அடுத்த முறை பெரிய பல்சக்கரங்கள் ஒரே தாங்கியில் இணைந்த கேசட்டாக வாங்கினால் இந்தத் தழும்பு குறையும்.

ஸ்பேசர் தேவையென்றால் அதுதான் முதலில். பிறகு பெரிய தொகுதி, தனிப் பல்சக்கரங்கள், இடையிடையே வரும் வளையங்கள், பெட்டியில் இருந்த அதே வரிசையில். கடைசிச் சிறு பல்சக்கரத்தின் முகம் உடலின் விளிம்பைவிடச் சற்று வெளியே நிற்க வேண்டும். உள்ளே அமிழ்ந்திருந்தால் லாக்ரிங் உடலில் முட்டி நின்றுவிடும், கேசட் இறுகாது. லாக்ரிங்கைக் கையால் சில சுற்று ஏற்றியபின் சாவியால் 40 நியூட்டன் மீட்டருக்கு இறுக்குங்கள். அப்போது எழும் கரகர ஒலி, லாக்ரிங்கின் வரிகள் பல்சக்கரத்தோடு உரசுவது, பழுதல்ல. இறுக்கியபின் பெரிய பல்சக்கரத்தைப் பிடித்து அசைத்தால் எந்த ஆட்டமும் இருக்கக் கூடாது. இருந்தால் ஒரு ஸ்பேசர் விடுபட்டிருக்கிறது.

ரோட்டரைக் கழற்றியிருந்தால் சென்டர்லாக் வகைக்கு (ஒரே லாக்ரிங்கால் பூட்டப்படுவது) 40 நியூட்டன் மீட்டர். ஆறு போல்ட் வகையில் எதிரெதிர் போல்ட்டுகளாக மாற்றி மாற்றி, தயாரிப்பாளர் சொல்லும் அளவுக்கு இறுக்குங்கள். ரோட்டர் பரப்பில் க்ரீஸ் விரல் படக் கூடாது.

டியூனிங்

சக்கரத்தைப் பூட்டியதும், மிகச் சிறிய பல்சக்கரத்தில் செயின் ஓடும்போது அது பிரேமை உரசுகிறதா என்று பாருங்கள். அடுத்து ஹேங்கர். சற்றே வளைந்த ஹேங்கர் 8 ஸ்பீடில் மன்னிக்கப்படும்; 12 ஸ்பீடில் மன்னிக்கப்படாது. நேர்த்தி பார்க்கும் கருவி இல்லையென்றால் அந்த ஒரு வேலையை மட்டும் பட்டறையில் கொடுங்கள்.

செயின் நீளத்துக்குப் பழைய விதி இது: டெரெய்லியர் வழியாகச் செல்லாமல், பெரிய செயின்ரிங்கையும் பெரிய பல்சக்கரத்தையும் சுற்றிச் சந்திக்கும் இடத்திலிருந்து ஓர் அங்குலம், அதாவது ஓர் உள்கண்ணியும் ஒரு வெளிக்கண்ணியும், கூடுதலாக விட்டு வெட்டுவது. பின்பக்கச் சஸ்பென்ஷன் உள்ள பைக்கில், சஸ்பென்ஷன் அமுங்கும்போது பின் அச்சு மிகத் தொலைவுக்குச் செல்லும் நிலையில் அளக்க வேண்டும். 12 ஸ்பீடுக்குக் கையேட்டில் உள்ள கண்ணிக் கணக்கையே பின்பற்றுங்கள்.

கேபிள் தளர்ந்திருக்கும்போதே டெரெய்லியரின் எச் திருகால் (வெளிப்புற எல்லையைக் கட்டுப்படுத்துவது), வழிகாட்டிச் சக்கரம் மிகச் சிறிய பல்சக்கரத்துக்கு நேர் கீழே வரும்படி செய்யுங்கள். பிறகு கேபிளை இழுத்துப் பூட்டி, ஒவ்வொரு கிளிக்காக ஏற்றுங்கள். பெரிய பல்சக்கரத்துக்கு ஏறத் தயங்கினால் பேரல் அட்ஜஸ்டரை (கேபிள் இழுவையைத் திருத்தும் குமிழ்) இடஞ்சுழியாகக் கால் சுற்று. இறங்கத் தயங்கினால் வலஞ்சுழியாக. எல் திருகு, செயின் ஆரக்கம்பிகளுக்குள் விழாமல் தடுப்பது. அதைக் கையால் டெரெய்லியரைத் தள்ளிப் பார்த்து உறுதிசெய்யுங்கள். கடைசியாக பி திருகு, பெரிய பல்சக்கரத்துக்கும் மேல் வழிகாட்டிச் சக்கரத்துக்கும் உள்ள இடைவெளியைத் தீர்மானிப்பது. 50 பல்லுக்கு மேற்பட்ட கேசட்டுகளில் இந்த இடைவெளிதான் மாற்றத்தின் தரத்தைத் தீர்மானிக்கிறது. ஈகிளுக்கு அளவுகோல் தட்டும், ஷிமானோ 12 ஸ்பீடுக்கு டெரெய்லியரின் பின்புறத்தில் ஒரு கோடும் தரப்பட்டுள்ளன. சஸ்பென்ஷன் பைக்கில் ஓட்டுநர் அமர்ந்திருக்கும்போது உள்ள அமுங்கலில் இதைப் பார்க்க வேண்டும்.

புதுக் கேசட்டில் பழைய செயினைப் போட வேண்டாம். நீண்டுபோன செயின் புதுப் பற்களில் தாவும், அவற்றையும் விரைவில் தேய்க்கும். 11, 12 ஸ்பீடில் 0.5 சதவீத நீட்சியிலும், அதற்குக் குறைந்தவற்றில் 0.75-இலும் செயினை மாற்றுங்கள். முதல் சில சவாரிகளில் கேபிள் உறைகள் முனைகளில் அமர்ந்துகொள்வதால் இழுவை சற்றுத் தளரும். பேரல் அட்ஜஸ்டரில் மீண்டும் கால் சுற்று தேவைப்படலாம். அப்போதே லாக்ரிங்கையும் த்ரூ ஆக்சிலையும் டார்க் ரெஞ்ச்சால் ஒருமுறை சரிபார்த்துவிடுங்கள்.